வளையும் கைமரமும்

கீரிமலைக் கேணிக்கு வரும் யாத்திரிகர் தங்கிச் செல்ல எழுந்த மடங்களுள் சிறாப்பர் மடமும் ஒன்று. கச்சேரியில் பணத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தரை முன்பு சிறாப்பர் என்பார்கள். நாணயம் மாற்றுபவரைக் குறிக்கும் 'ஸர்ராஃப்' என்ற அறபுச் சொல்தான் பல நாவுகளில் புரண்டு ஒரு சைவ மடத்தின் பெயராக நிலைத்திருக்கிறது. மரவியாபாரியின் மகனான நான் அங்கு போனது பெயரைப் பார்க்க அல்ல, மரத்தைப் பார்க்க.

யாழ்ப்பாணத்துப் பழைய மண்வீட்டில் பாரத்தைச் சுமப்பது மரம்தான். தூண் நிறுத்தி, அதன்மேல் வளை வைத்து, வளையிலிருந்து முகடு வரை கைமரங்களைச் சாய்ப்பார்கள். மண்சுவர் வெறும் மறைப்பு. பின்னர் சுண்ணாம்புச் சாந்தில் கற்சுவர் எழுந்து நாற்சார் வீடு பெருகியபோதும் முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம் மரத்தூணில்தான் நின்றது. வாசலில் சங்கடப்படலை இருக்கும். வழிப்போக்கன் யாராயினும் அதன் கூரை நிழலில் குந்தலாம்.

இந்தக் கூரைகளின் மரம் பெரும்பாலும் பனை. மற்ற மரங்களுக்கு வைரம் உள்ளே. பனைக்கோ வெளியே. அதனால்தான் தொல்காப்பியம் பனை போன்றவற்றைப் புறக்காழுடையவை என்று கண்டு, புல்லினத்தில் சேர்த்தது. தச்சர் முதிர்ந்த பனையை நெடுக்குவாட்டில் பிளந்து, நடுச் சோற்றியைக் களைந்து, கறுத்த ஓரத்தையே கைமரமாக்கினார்கள். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பனைமரம் தோணியேறிச் சோழமண்டலக் கரைக்கும் போனது.

மரச்சட்ட வீட்டின் சிறப்பு, அதைப் பிரித்து வேறிடத்தில் மீண்டும் பூட்டலாம் என்பது. 1990இல் அந்தச் சிறப்பே அதற்கு வினையாயிற்று. அவ்வாண்டு போர் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். கீரிமலைப் பகுதி உயர் பாதுகாப்பு வலயத்துள் அடைபட்டது. ஒக்டோபர் 30இல் யாழ் நகர முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். ஒரே ஆண்டில் இரு சாராரும் வீட்டைப் பூட்டிச் சாவியோடு நடந்தோம்.

2002 போர்நிறுத்தத்தின்பின் சோனகத்தெருவுக்குப் போனேன். சுவர்கள் நின்றன. கதவு, நிலை, வளை, கைமரம் எதுவும் இல்லை. 2009இல் போர் முடிந்து, நிலம் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபின் கீரிமலைப் பக்கம் போனபோதும் அதையே கண்டேன். சுவரின் மேல்விளிம்பில், வளை அமர்ந்த இடத்தில், சதுரக் குழிகள். ஒரு குழியில் கையை விட்டேன். எங்கள் வீட்டுக் குழிக்கும் அதே ஒரு சாண் அளவு.

எங்கள் இழப்பும் அவர்கள் இழப்பும் ஒன்றல்ல, காரணங்களும் வேறு. ஆனால் இரண்டையும் கட்டிய தச்சுக்கலை ஒன்று. கல்லுக்குக் கல்வெட்டு உண்டு, மரத்துக்கு அதுவும் இல்லை. ஆகவே உங்கள் வீட்டில் ஒரு பழைய வளை எஞ்சியிருந்தால் அதை அளந்து, அதன் உறுப்புகளின் பெயர்களை மூத்தோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். வாப்பா சொன்ன பெயர்களில் பாதியை நான் எழுதி வைக்கவில்லை.