நீரோடிக்கும் பொழியூருக்கும் இடையே ஒரு பந்து

பொன்முடிக்கு அப்பால் கேரள - தமிழக எல்லை மலைமுகட்டை ஒட்டிச் செல்கிறது. அங்கே அதனால் பிரிக்கப்பட்ட தெருக்கள் இல்லை. அதே எல்லை தெற்கே இறங்கிக் கடலைத் தொடும் இடத்திலோ, நீரோடி தமிழ்நாட்டிலும் அதையடுத்த பொழியூர் கேரளத்திலும் அமைந்துவிட்டன. இரு பக்கமும் மீனவக் கிராமங்கள். இரு பக்கமும் கால்பந்துக்குப் பெயர்பெற்றவை.

1956 நவம்பர் 1 வரை இக்கடற்கரை முழுவதும் திருவிதாங்கூர் - கொச்சி மாநிலத்தில் இருந்தது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பகுதிகளுள் விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தென் வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. மொழி அடிப்படையில் அத்தீர்வு நியாயமானதே. ஆனால் பேச்சும் தொழிலும் உறவும் கலந்து கிடந்த ஒரு கரையை அது எவ்வாறு பிரித்தது என்பதற்கு ஆடுகளமே நல்ல சான்று. சந்தோஷ் டிராபி மாநில அணிகளுக்கான போட்டி. ஆகவே கோடு விழுந்ததும், பொழியூர் இளைஞனுக்குக் கேரளம், நீரோடி இளைஞனுக்குச் சென்னை என்று வழி பிரிந்தது. 2018இல் கேரளம் அக்கோப்பையை வென்றபோது அணியில் பொழியூரின் சீசன் இருந்தார்.

திருச்சபையோ இக்கோட்டைப் பின்பற்றவில்லை. 1937இல் உருவான திருவனந்தபுரம் லத்தீன் மறைமாவட்டத்தின் கீழேயே தூத்தூர் வட்டாரப் பங்குகள் இன்றும் உள்ளன. கன்னியாகுமரி மாவட்டத்தின் பிற கடற்கரைப் பங்குகள் கோட்டாற்றைச் சார்ந்தவை. (ஆட்சி எல்லையும் மறைமாவட்ட எல்லையும் இப்படி முரண்படுவது தனி ஆய்வுக்குரியது.) தூத்தூர்க்காரரின் பேராலயமான புனித சூசையப்பர் ஆலயம் திருவனந்தபுரத்தின் பாளையத்தில் உள்ளது. காவல்துறைக்குச் சொந்தமான சந்திரசேகரன் நாயர் விளையாட்டரங்கமும் அதே பாளையத்தில்தான். கோயிலுக்கு வந்தால் அவர் தம் மறைமாவட்டத்தில் நிற்கிறார்; அரங்கத்தில் மாநில அணி ஆடினாலோ அவர் அயல் மாநிலத்தவர்.

இவ்வேற்றுமையைத் தளர்த்தியவை கிளப்புகளே. இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டியிலும் ஜாம்ஷெட்பூரிலும் ஆடியபின் 2019இல் கொல்கத்தாவின் ஏடிகேயில் சேர்ந்தார். திருவனந்தபுரம் வெட்டுகாட்டைச் சேர்ந்த ஜோபி ஜஸ்டினும் அதே ஆண்டில் அங்கே வந்தார். 2020 மார்ச்சில் ஐஎஸ்எல் கோப்பையை வென்ற அணிப்பட்டியலில் இருவர் பெயரும் உண்டு. ஒரே மறைமாவட்டத்தின் இரு கடற்கரைப் பிள்ளைகள் ஒரே சட்டை அணிய வங்காளம் வரை செல்ல நேர்ந்தது.

2024இல் சூப்பர் லீக் கேரளா தொடங்கியபோது திருவனந்தபுரம் கொம்பன்ஸ் அணி சந்திரசேகரன் நாயர் அரங்கத்தைத் தன் சொந்தக் களமாகக் கொண்டது. கிளப் போட்டி என்பதால் வெளிமாநில வீரர்களுக்கும் அங்கே இடமுண்டு. நீரோடியிலிருந்து ஒருவர் அக்களத்தில் சொந்த அணிக்காரராக இறங்க இப்போது சட்டத் தடை ஏதுமில்லை. சந்தோஷ் டிராபி மட்டும் இன்றும் மாநிலவாரியாகவே நடைபெறுகிறது.