கூடத்துப் பெட்டியும் வீட்டுத் தமிழும்

ஒரு மொழியின் வரலாற்றை எழுதுவோர் நூல்களையும் இதழ்களையும் சான்றாகக் கொள்வது மரபு. வீட்டுக் கூடத்தில் வீற்றிருந்த தொலைக்காட்சிப் பெட்டியும் அத்தகைய சான்றே என்பதை இவ்வுரையில் காண்போம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் இப்பெட்டி பரவிய வேகம் வியப்புக்குரியது. 1950இல் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது இல்லங்களில் மட்டுமே இருந்தது. 1960இல் பத்தில் ஒன்பது இல்லங்களை நெருங்கியது. அங்கே அது விரைவில் தனி வீட்டின் உடைமை ஆயிற்று. சிங்கப்பூரிலோ அது முதலில் பலருக்கும் ஊர்ப்பொதுவாகவே அறிமுகமாயிற்று.

1963 பிப்ரவரி 15ஆம் நாள், பண்பாட்டு அமைச்சர் எஸ். ராஜரத்தினம் விக்டோரியா நினைவு மண்டபத்தில் முன்னோட்ட ஒளிபரப்பைத் தொடங்கி வைத்தார். ஏப்ரல் 2ஆம் நாள் முறையான சேவை தொடங்கியது. அவ்வாண்டு முடிவதற்குள் இரண்டாம் ஒளிவழியும் வந்தது. ஐந்தாம் ஒளிவழி மலாய்க்கும் ஆங்கிலத்திற்கும், எட்டாம் ஒளிவழி சீனத்திற்கும் தமிழுக்கும் இடமளித்தன. பெட்டி வாங்க இயலாதோர் சமூக மன்றங்களில் கூடிப் பார்த்தனர். தஞ்சை வழக்கும் நெல்லை வழக்கும் யாழ்ப்பாண வழக்கும் பேசியோர் ஒரே செய்தியை ஒரே தமிழில் கேட்டனர். கேட்டதைத் தத்தம் தமிழில் விவாதித்தனர்.

பின்னர் அடுக்குமாடி வீடுகளுக்குள் பெட்டி குடிபுகுந்தது. 1980களில் மார்சிலிங்கில் நாம் வாழ்ந்த வீட்டிலும் மாலைச் செய்தி தவறாது ஒலித்தது. செய்தியாளரின் எழுத்துத் தமிழ் எம் அன்னையாருக்கு முழுதும் எட்டாது. செய்தி முடிந்ததும் பேரப்பிள்ளைகளை நோக்கி, “என்ன சொன்னாங்க?” என்பார். பிள்ளைகள் அச்செய்தியைப் பேச்சுத் தமிழில் எடுத்துரைப்பர். இரட்டை வழக்கு என மொழியியலார் குறிப்பிடும் இரு கரைகளுக்கிடையே அவர்கள் நாள்தோறும் பாலம் அமைத்தனர். கற்பிக்கிறோம் என்று பாட்டியும் கருதவில்லை. கற்கிறோம் என்று பிள்ளைகளும் அறியவில்லை.

2008 அக்டோபரில் வசந்தம் தனி ஒளிவழியாக மலர்ந்தது. தமிழ் ஒலிக்கும் நேரம் பெருகிற்று. ஆயினும், ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளருள் தமிழை வீட்டில் மிகுதியாகப் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. அதே காலத்தில் ஆங்கிலம் 32.3 விழுக்காட்டிலிருந்து 48.3 விழுக்காடாக உயர்ந்தது. பள்ளியிலும் பணியிடத்திலும் ஆங்கிலம் பெற்றுள்ள இடத்தை எண்ணுவோர் இதற்குத் தொலைக்காட்சியைக் குறைகூறார். எனினும் ஒன்று தெளிவு: ஒலிபெறும் மொழியெல்லாம் பேசப்படும் மொழி ஆகிவிடுவதில்லை.

பெட்டி பேசும், மறுமொழியை எதிர்பாராது. மறுமொழி கேட்டவர்கள் மன்றத்தில் அருகமர்ந்தோரும் வீட்டில் பாட்டியுமே. இன்று கைப்பேசித் திரைமுன் காதொலிப்பான் அணிந்து தனித்திருக்கும் பிள்ளையிடம் அவ்வினாவைத் தொடுக்க எவருமில்லை. நாம் இழந்தது ஒளிபரப்பை அன்று, அந்த வினாவையே.

தமிழ்க் கல்வியை ஆராய்ந்த 2005ஆம் ஆண்டுக் குழு, வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு உரிய இடமளிக்கப் பரிந்துரைத்தது. ஆசிரியர்கள் அப்பணியை எளிதாகவே தொடங்கலாம். ஒரு செய்தியைக் காட்டி முடித்ததும் திரையை அணைத்துவிட்டு, மாணவரை நோக்கி, “என்ன சொன்னாங்க?” என்று கேட்டால் போதும். விடை தடுமாறி வரினும் பொறுத்திருந்து கேட்போம். எம் அன்னையாரும் அவ்வாறே கேட்டார்.