திருச்சுழிச் சீமையில் ஆட்டு ஊசி

குண்டாற்றங்கரைத் திருச்சுழியும் அதைச் சுற்றிய நரிக்குடி, காரியாபட்டி, அருப்புக்கோட்டை வட்டாரங்களும் வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் கண்மாய் வறளும், வயல் தரிசாகக் கிடக்கும்; அந்த ஆண்டில் குடும்பத்தைத் தாங்குவது ஆடுதான். கன்னி ஆடு தென்மாவட்டக் கரிசலின் சொந்த இனம். கரிய உடம்பு, முகத்தில் வெள்ளைக் கோடு இருந்தால் பால்கன்னி, செம்பழுப்புக் கோடு இருந்தால் செங்கன்னி. செம்மறியில் பேர்போனது வேம்பூர் ஆடு. இந்த ஆடுகளின் நோய்க்கு ஊசி மருந்து என்று ஒன்று வந்து இரண்டு மூன்று தலைமுறைதான் ஆகிறது.

அதற்கு முன் வைத்தியம் வாய்வழியாகத்தான் நடந்தது. மிளகு, சீரகம், பூண்டு, வேப்பிலை, குப்பைமேனி என்று கிடைத்ததை அரைத்துக் கரைத்து, சாய்வாகச் சீவிய மூங்கில் குழாயில் ஊற்றிப் புகட்டினார்கள். வீக்கத்துக்கும் நொண்டலுக்கும் சூடு போட்டார்கள். மாட்டுக்கு ஏட்டில் எழுதிய வைத்திய வாகடங்கள் உண்டு. ஆட்டு வைத்தியமோ பெரும்பாலும் கீதாரிகள் எனப்படும் மந்தை மேய்ப்பர்களின் நினைவிலும் கைப்பழக்கத்திலுமே இருந்தது. வயிற்று உப்புசம், செரியாமை போன்றவற்றுக்கு அது உதவியது. அடைப்பான், துள்ளுமாரி போன்ற கொல்லும் நோய்களுக்கு முன்னால் அது நிற்கவில்லை. மழைக்குப் பின் தழைத்த இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்த கொழுத்த குட்டிகளைத்தான் துள்ளுமாரி முதலில் கொண்டுபோகும். மாலையில் துள்ளிக்கொண்டு பட்டிக்குத் திரும்பிய குட்டி விடியும்போது செத்துக் கிடக்கும்.

சென்னை மாகாணத்தில் கால்நடைத் துறை 1892-ல் தொடங்கியது. 1903-ல் சைதாப்பேட்டையில் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி பிறகு வேப்பேரிக்குப் போனது. அன்றைய அரசின் கவலையெல்லாம் மாட்டைக் கொன்ற வெக்கை நோய்தான். அதற்கான தடுப்பூசியின் வரலாற்றில் ஆட்டுக்கு ஒரு முக்கிய இடம் உண்டு. இமயமலைச் சாரலில் உள்ள முக்தேசுவர் ஆய்வகத்தில் 1927-ல் எட்வர்ட்ஸ் என்ற ஆய்வாளர், வெக்கை நோய்க் கிருமியை ஆட்டிலிருந்து ஆட்டுக்குத் திரும்பத் திரும்பச் செலுத்தி, அதன் வீரியத்தைக் குறைத்து, மாட்டுக்கான தடுப்பூசியாக்கினார். ராணிப்பேட்டையில் 1932-ல் அமைந்த நிலையம் தமிழகத்துக்கான தடுப்பு மருந்துகளைத் தயாரித்தது. ஆக, தனக்கென்று ஊசி மருந்து கிடைப்பதற்கு முன்பே ஆடு மாட்டுக்கு மருந்து கொடுத்துவிட்டது.

நுண்ணுயிர்க்கொல்லிகளின் காலம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்தது. பெனிசிலினை 1928-ல் ஃபிளெமிங் கண்டார். ஸ்ட்ரெப்டோமைசின் 1943-லும் ஆக்சிடெட்ராசைக்ளின் 1950-ஐ ஒட்டியும் வந்தன. 1954-ல் மத்திய அரசு புனே அருகே பிம்பிரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியபின் பெனிசிலின் உள்நாட்டிலேயே தயாரானது. ஊர் மக்கள் மாட்டாஸ்பத்திரி என்று சொல்லும் கால்நடை மருந்தகங்களின் வழியாக இம்மருந்துகள் கிராமத்துக்கு வந்தன.

இவற்றை மூங்கில் குழாயில் புகட்ட முடியாததற்குக் காரணம் ஆட்டின் முதல் வயிறு. அது எந்நேரமும் புளித்துக்கொண்டிருக்கும் பானை. தழையையும் கருவேல நெற்றையும் செரிக்க வைப்பவை அங்கே வாழும் கோடானுகோடி நுண்ணுயிர்கள். வாய்வழி போன நுண்ணுயிர்க்கொல்லி அவற்றையும் கொல்லும். ஆடு தீவனம் எடுக்காமல் நின்றுவிடும். அதனால்தான் வளர்ந்த ஆட்டுக்கு ஊசி.

கழுத்துத் தசையில் இறங்கிய மருந்து முதலில் அங்கேயே தேங்கும். அங்கிருந்து நுண்குழாய்கள் வழியே ரத்தத்தில் கலந்து, நுரையீரல், ஈரல், சிறுநீரகம், மடி என்று பரவும். ரத்தத்தில் அதன் அளவு ஏறி, உச்சம் தொட்டு, இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தைக் கணிதமாக எழுதியவர் சுவீடன் நாட்டு டொர்ஸ்டன் தியோரெல், ஆண்டு 1937. மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறைய எத்தனை நேரம் ஆகிறது என்பதுதான் இந்தக் கணக்கின் உயிர்நாடி.

பெனிசிலினுக்கு அந்த நேரம் மிகக் குறைவு. சிறுநீரகம் அதை அவ்வளவு விரைவாக வெளியேற்றுகிறது. 1941-ல் ஆக்ஸ்ஃபோர்டில் மருந்து அரிதாக இருந்தபோது நோயாளியின் சிறுநீரிலிருந்தே அதைப் பிரித்தெடுத்து மீண்டும் செலுத்தினார்கள். மருந்து இப்படி விரைந்து போவதைச் சமாளிக்கவே புரோகெய்ன் பெனிசிலின் வந்தது. அது தசையில் மெல்லக் கரைவதால் நாளுக்கு ஒரு ஊசி போதும். ஆக்சிடெட்ராசைக்ளினின் நீடித்துச் செயல்படும் வகை இன்னும் நிதானமானது. கிலோவுக்கு 20 மில்லிகிராம் கணக்கில், 25 கிலோ ஆட்டுக்கு இரண்டரை மில்லி போட்டால் ஏறத்தாழ மூன்று நாள் வேலை செய்யும். மேய்ச்சலுக்குப் போகும் ஆட்டைத் தினமும் பிடித்து ஊசி போட முடியாத சீமையில் இது பெரும் உதவி. ஆனால் இம்மருந்து சுண்ணாம்புச் சத்தோடு ஒட்டும். எலும்பிலும் வளரும் குட்டியின் பல்லிலும் தங்கிவிடும்.

ஆட்டைச் சின்ன மாடு என்று எண்ணி மாட்டின் அளவைச் சுருக்கிக் கொடுத்ததும், செம்மறியின் அளவையே வெள்ளாட்டுக்குக் கொடுத்ததும் நெடுநாள் வழக்கம். வெள்ளாட்டின் ஈரல் பல மருந்துகளைச் செம்மறியைவிட வேகமாக அழித்துவிடுகிறது. குடற்புழு மருந்துகளில் இது தெளிவாகவே தெரிந்தது: செம்மறிக்குப் போதிய அளவு வெள்ளாட்டுக்குப் போதாமல், புழுக்கள் மருந்துக்குப் பழகிப்போயின. தழை தின்னும் விலங்கு தழையில் உள்ள நச்சுகளை முறிக்கப் பழகியதன் விளைவு இது என்ற விளக்கம் பொருத்தமாகவே படுகிறது.

ஊசி எல்லா நோய்க்கும் மருந்தல்ல. ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலாக 1987-ல் விழுப்புரம் பக்கம் அரசூரில் உறுதியானது. அது வைரஸ் நோய். 1997-98-ல் தமிழகச் செம்மறிகளைப் பெருமளவில் கொன்ற நீலநாக்கு நோயும் அப்படியே. இவற்றில் நுண்ணுயிர்க்கொல்லி, பின்னால் வந்து சேரும் நுரையீரல் சளியைத்தான் தடுக்கும். மூல நோயைத் தடுப்பூசிதான் தடுக்கும்.

மருந்து ரத்தத்தை விட்டுப் போவதும் உடம்பை விட்டுப் போவதும் ஒன்றல்ல. இறைச்சியில் இருக்கலாம் என்று உலக உணவு விதிமுறை ஆக்சிடெட்ராசைக்ளினுக்கு வைத்த வரம்பே இதைச் சொல்லும்: கிலோ தசைக்கு 200 மைக்ரோகிராம், ஈரலுக்கு 600, சிறுநீரகத்துக்கு 1200. மருந்து எங்கே அதிகம் தங்குகிறதோ அங்கே வரம்பும் உயர்கிறது. ஜென்டாமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி சிறுநீரகத்தில் வாரக்கணக்கில் கிடக்கும். எரித்ரோமைசின், டைலோசின் போன்றவை ரத்தத்தைவிடச் சற்றுப் புளிப்பான பாலில் போய்ச் சேரும்.

ஊசிக்கும் வெட்டுக்கும் இடையே விட வேண்டிய நாளை மருந்துப் புட்டியிலேயே அச்சிட வேண்டும் என்று இந்தியாவில் 2012-ல் விதி வந்தது. தனியாகச் சோதித்து உறுதி செய்யாத மருந்துக்குப் பாலுக்கு 7 நாள், இறைச்சிக்கு 28 நாள் குறையாமல் விட வேண்டும். திருச்சுழிப் பக்கம் இது எளிதல்ல. ஐப்பசி மழையில்தான் ஆட்டுக்குச் சளி பிடிக்கும், ஊசி ஏறும். அதே ஐப்பசியில்தான் தீபாவளிக்காக எட்டயபுரத்துச் சனிக்கிழமைச் சந்தையும் திருப்புவனத்துச் செவ்வாய்ச் சந்தையும் நிரம்பும். சந்தையில் ஆட்டின் பல்லையும் எடையையும் பார்த்து விலை பேசுகிறார்கள்; கடைசி ஊசி எப்போது போட்டது என்று கேட்கும் வழக்கம் இல்லை. கொலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்கான விலங்குகளுக்குக் கொடுப்பதை 2019-ல் அரசு அடியோடு தடை செய்தது. மற்றவற்றுக்கு, ஊசி போட்ட தேதியைக் குறித்து வைப்பதும் அந்த ஆட்டின் கொம்பில் சாயம் பூசிப் பிரித்துவிடுவதும் வளர்ப்பவர் கையில்தான் இருக்கிறது.