டெய்லர்–குவெட் ஓட்டம்

ஒரே அச்சில் ஒன்றினுள் ஒன்றாக அமைந்த இரு உருளைகளில் ஒன்றோ இரண்டுமோ சுழலும்போது, நடுவிலுள்ள வளைய இடைவெளியை நிறைத்திருக்கும் பாய்மம் கொள்ளும் ஓட்டம். பாய்ம இயக்கவியலில் இதைப்போல் நுணுகி ஆராயப்பட்ட அமைப்புகள் மிகச் சில.

சுழற்சி மெதுவாக இருக்கும்வரை ஓட்டம் வரிச்சீரானது. சுவரை ஒட்டிய அடுக்கு சுவரின் வேகத்திலேயே செல்லும். மற்ற அடுக்குகள் ஒன்றோடொன்று கலக்காமல் அச்சைச் சுற்றிவரும். இடைவெளி குறுகலாக இருந்தால் ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை திசைவேகச் சரிவு ஏறத்தாழ மாறாமல் இருக்கும். பாகுநிலையை அளக்க இது மிகவும் ஏற்ற நிலை. மோரிஸ் குவெட் 1890இல் பாரிசில் வெளியிட்ட ஆய்வில் வெளி உருளையைச் சுழற்றி, கம்பியில் தொங்கிய உள் உருளை எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்பதைக் கொண்டு பாகுநிலையைக் கணித்தார். இன்றைய சுழல் பாகுநிலைமானிகளும் இதே தத்துவத்தில் இயங்குகின்றன.

உள் உருளை மட்டும் சுழன்றால் கதை வேறு. அப்போது வேகமான அடுக்குகள் உட்புறம் இருக்கும். மையவிலக்கு விளைவு அவற்றை வெளியே தள்ள முயலும், பாகுநிலை அதைத் தடுக்கும். பாகுநிலை தோற்கும் எல்லையை ஜி. ஐ. டெய்லர் 1923இல் கணக்கிட்டு, சாயம் கலந்த சோதனையிலும் காட்டினார். எல்லை தாண்டியதும் வளைய வடிவச் சுழல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும். ஒவ்வொன்றின் உயரமும் ஏறத்தாழ இடைவெளியின் அகலமே. கணக்கும் சோதனையும் இவ்வளவு நெருங்கியது அன்று பெரும் சாதனை. சுவரில் பாய்மம் நழுவுவதில்லை என்ற கொள்கைக்கும் அது வலுவான சான்றாயிற்று.

எல்லையைத் தீர்மானிப்பதில் இடைவெளிக்கே பெரும் பங்கு. மையவிலக்கு விளைவைப் பாகுநிலையோடு ஒப்பிடும் டெய்லர் எண்ணில் இடைவெளியின் அகலம் மும்மடியில் வருகிறது. குறுகிய இடைவெளியில் அந்த எண் ஏறத்தாழ 1,700ஐ எட்டும்போது வரிச்சீர் நிலை குலையும். 5 செ.மீ. ஆரமுள்ள உள் உருளை, 0.5 செ.மீ. இடைவெளி, 20 பாகை வெப்பநிலையில் தண்ணீர் என்றால், சுமார் 12 வினாடிக்கு ஒரு சுற்று என்ற வேகமே போதும். அகலத்தை இரட்டிப்பாக்கினால் இந்த எல்லை வேகம் மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கும். பாகுநிலைமானியில் இடைவெளியைக் குறுகலாக வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மின்கடத்தும் பாய்மத்தில் காந்தப்புலம் சேர்ந்தால், நிலையாக இருக்க வேண்டிய ஓட்டமும் குலையக்கூடும். இதை வெலிகோவ் 1959இலும் சுப்ரமணியன் சந்திரசேகர் 1960இலும் காட்டினர். கருந்துளைகளைச் சுற்றும் வாயுத் தட்டுகளில் பொருள் உள்நோக்கி விழுவதற்கு 1991 முதல் இதுவே முதன்மை விளக்கமாகக் கொள்ளப்படுகிறது.