ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர்: சிங்க் குழாயின் வளைவும் சாக்கடைக்குள் இறங்கும் உயிரும்

சமையலறை சிங்க்குக்கு அடியில் குனிந்து பார்த்தால், குழாய் நேராகக் கீழே இறங்காது. ஒரு முறை வளைந்து மேலேறி, பிறகுதான் சுவருக்குள் போகும். கடையில் இதற்கு பி டிராப் என்று பெயர். குடுவை மாதிரி இருந்தால் பாட்டில் டிராப், குளியலறைத் தரையில் இருந்தால் நஹானி டிராப். வடிவம் எதுவானாலும் வேலை ஒன்றுதான். கடைசியாக ஊற்றிய தண்ணீரில் கொஞ்சத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக்கும் வீட்டுக்கும் இடையிலான கதவு. கழிவுநீர் வெளியே போகும், வாயு உள்ளே வராது.

இந்தக் கதவு யாருக்காகச் செய்யப்பட்டது, யாருக்கு இன்றுவரை செய்யப்படவில்லை என்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

1775இல் லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த அலெக்சாண்டர் கம்மிங், தண்ணீர் ஊற்றிக் கழுவும் கழிப்பறைக்குக் காப்புரிமை பெற்றார். குழாயை 'எஸ்' எழுத்தைப் போல வளைத்ததுதான் அதில் முக்கியம். அடுத்த நூற்றாண்டில் இப்படிப்பட்ட கழிப்பறைகள் பெருகின, கழிவெல்லாம் தேம்ஸ் நதியில் கலந்தது. 1858 கோடையில் நதி நாறியதில் நாடாளுமன்றமே தவித்தது. ஜன்னல் திரைகளை குளோரைடு சுண்ணாம்பில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். அதற்குப் பிறகு பணம் ஒதுக்கப்பட்டது. பொறியாளர் ஜோசப் பேசல்கெட் தலைமையில் லண்டனின் பெரும் சாக்கடை வலை எழுந்தது. ஏழைகள் காலராவில் செத்தபோது வராத அவசரம், நாற்றம் ஆள்பவர்களின் மூக்கைத் தொட்டதும் வந்தது.

வீடுகள் சாக்கடையோடு இணைந்ததும் புதுச் சிக்கல் வந்தது. குழாய் வழியே வாயு மேலேறியது. நாற்றமே நோயைத் தருகிறது என்று அந்தக் காலத்தில் பரவலாக நம்பினார்கள். அதனால் தொட்டி, பேசின் எல்லாவற்றுக்கும் டிராப் வைப்பது கட்டாயமாகிக்கொண்டே போனது. 'எஸ்' வளைவில் தண்ணீர் வேகமாக இறங்கும்போது டிராப்பில் நிற்க வேண்டிய தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். அதற்காக 'பி' வளைவும், கூரைக்கு மேல் போகும் காற்றுக்குழாயும் வந்தன. இந்த வரலாறு முழுக்க வீட்டுக்குள் இருப்பவரைக் காப்பாற்றிய வரலாறு. வாயு ஒழியவில்லை, வெளியே தள்ளப்பட்டது. லண்டன் சாக்கடைக்குள்ளும் ஆட்கள் இறங்கினார்கள், அவர்களும் ஏழைகள்தான். ஆனால் இந்தச் சாதியில் பிறந்தவர்தான் இறங்க வேண்டும் என்ற விதி அங்கே இல்லை.

அந்த வாயுவில் முக்கியமானது ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றைவிடக் கனமானது, குழியின் அடியில் தங்கும். அளவு கூடும்போது முதலில் மூக்கின் உணர்வைக் கொல்லும், நாற்றம் போய்விட்டது என்று ஆள் நினைத்துக்கொள்வார். இன்னும் கூடினால் சில மூச்சிலேயே சுருண்டு விழுவார். தூக்கப் போனவரும் விழுவார். ஒரே குழியில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து சாவது இதனால்தான்.

இந்தியாவில் இந்த நீர்க்கதவு சட்டத்திலேயே இருக்கிறது. மலத்தைக் கையால் அள்ளுவதைத் தடைசெய்த 1993ஆம் ஆண்டுச் சட்டம், நீரடைப்பு இல்லாத கழிப்பறை எல்லாமே உலர் கழிப்பறை என்று வரையறுத்தது. நீரடைப்புக்குக் குறைந்தபட்சம் 20 மில்லிமீட்டர் என்று அளவும் சொன்னது. கூடையில் மலம் சுமந்த நம் தாய்மார்களின் தலையிலிருந்து அந்தச் சுமையை இறக்க இந்த வளைவு உதவியது என்பதை மறுக்க முடியாது.

ஆனால் அந்தச் சட்டத்தின் பார்வை மலத்தைச் சுமப்பதோடு நின்றுவிட்டது. வளைவைத் தாண்டிய குழாய் எங்கே போகிறது? செப்டிக் டேங்குக்கோ பாதாளச் சாக்கடைக்கோ போகிறது. அங்கே அடைத்தால் இறங்க வைக்கப்பட்டவர்கள் அதே அருந்ததியர், அதே ஆதி ஆந்திரர், அதே வால்மீகி மக்கள். சாக்கடைக்குள்ளும் செப்டிக் டேங்குக்குள்ளும் இறக்குவதைக் குற்றமாக்க 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2014 மார்ச் 27 அன்று, சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில், 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சாவு நிற்கவில்லை. அந்தச் சாவுக் கணக்கில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கிறது என்பது சமூகநீதி பேசும் நமக்கெல்லாம் வெட்கம்.

சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே மேல் கீழாகப் பிரித்து வைத்திருக்கிறது என்று அம்பேத்கர் 1936இலேயே விளக்கினார். அந்தப் பிரிவினையை நம் வீட்டு சிங்க்குக்கு அடியிலும் பார்க்கலாம். அடைத்துக்கொண்டால், "ஒரு ஆளைக் கூப்பிடு" என்கிறோம். அழுக்கு நம்முடையது, நம் தட்டில் மிஞ்சிய சோறும் எண்ணெயும்தான். தொடுவதற்கு மட்டும் வேறொருவர் வேண்டும்.

ஆகவே இதைக் கற்றுக்கொள்வோம். டிராப்புக்கு அடியில் ஒரு வாளி வையுங்கள். நட்டைக் கையால் திருகினால் பெரும்பாலும் கழன்றுவிடும். கசடை எடுத்து, கழுவி, வாஷர் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். மாட்டியதும் தண்ணீர் விட்டு ஒழுகுகிறதா என்று கவனியுங்கள். புதிதாகப் பொருத்தும்போது நெளிகுழாயை நேராகத் தரை ஓட்டைக்குள் செருகிவிட்டுப் போக விடாதீர்கள். அதில் வளைவு இல்லை என்றால் கதவே இல்லை. கோடையில் பல வாரம் வீட்டைப் பூட்டியிருந்தால் டிராப்பில் நிற்கும் தண்ணீர் வற்றிவிடும், நாற்றம் வரும். வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் போதும். எண்ணெயை சிங்க்கில் ஊற்றாமல் காகிதத்தில் துடைத்துக் குப்பையில் போடுங்கள். நாப்கினும் துணியும் கழிப்பறைக்குள் போகக் கூடாது. ஆசிட் வேண்டவே வேண்டாம். சாக்கடைச் சேற்றில் உள்ள சல்பைடோடு சேர்ந்தால் அது அதே விஷவாயுவைத்தான் கிளப்பும்.

சொந்த டிராப்பைக் கழுவினால் சாதி ஒழிந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. நம் வீட்டில் அடைக்காத கொழுப்பு தெருவில் போய் அடைக்கும். தெருவில் அடைத்தால் எந்திரம் வர வேண்டும், ஆள் இறங்கக் கூடாது. உங்கள் விடுதியிலோ கல்லூரியிலோ மூடியைத் திறந்து ஒருவரை இறக்கினால் அங்கேயே நிறுத்துங்கள். பாதுகாப்பு இல்லாமல் இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டுவரை சிறையும் 2 லட்சம் ரூபாய்வரை அபராதமும் விதிக்கலாம், ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவு அது. இறக்கிய நிர்வாகத்தின் மீதும் ஒப்பந்தக்காரர் மீதும் புகார் கொடுங்கள். இறங்கியவர் குற்றவாளி அல்ல.

வீட்டுக்குள் இருக்கும் மூக்கைக் காக்க 1775லேயே வழி கண்டுபிடித்தார்கள். குழிக்குள் இருக்கும் உயிரைக் காக்கும் எந்திரங்களும் இன்று இருக்கின்றன. வாங்கிப் பயன்படுத்தும் மனம்தான் அரசிடம் இல்லை. அதை வரவைப்பது நம் வேலை.