லயன் அறையிலிருந்து ஒரு சிறுதொழில்: தொடங்குமுன் தெரிந்திருக்க வேண்டியவை

கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் தையல், மிளகாய்த்தூள், பலகாரம், கோழி வளர்ப்பு என்று வீட்டிலிருந்தபடியே ஏதாவது செய்யும் குடும்பங்கள் பல. இறப்பர் தோட்டத்தில் மழை பெய்தால் பால் வெட்ட முடியாது. வேலை நாள் குறையும் மாதங்களில் அடுப்பெரிவது இந்தச் சில்லறை வருமானத்தில்தான். ஆனால் பதிவில்லாத தொழிலுக்கு வங்கி எளிதில் கடன் தராது. கடைசியில் வாரக் கடன்காரரிடமே போக நேர்கிறது. அதனால் தொழிலைப் பதிவிலிருந்தே தொடங்குவது நல்லது.

முகவரியும் பதிவும்

தனிநபர் வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதியலாம். அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், தொழில் நடக்கும் இடத்துக்கான அத்தாட்சி ஆகியவை கேட்கப்படும். சிக்கல் இந்த மூன்றாவதில் இருக்கிறது. 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனது. காணி அரசுடையதாகவே இருக்கிறது. லயனில் தலைமுறைகளாக இருந்தாலும் கையில் உறுதி இல்லை. எனவே தோட்ட நிர்வாகத்திடம் சம்மதக் கடிதம் கேளுங்கள். வாயால் கேட்காமல் எழுதிக் கொடுத்து, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கடிதம் கிடைக்காவிட்டால், உறுதியுள்ள உறவினரின் இடத்தையோ வாடகை இடத்தையோ காட்ட முடியுமா என்று செயலகத்தில் விசாரியுங்கள்.

படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தால், வாசிக்க முடியாததில் கையொப்பமிடாதீர்கள். அரச அலுவலகத்தில் தமிழில் அலுவல் பார்க்கும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை தருகிறது.

உணவுப் பொருள் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் பிரதேச சபையையும் முன்கூட்டியே அணுகுங்கள்.

வாரக் கடனின் உண்மையான வட்டி

ஓர் உதாரணம். 50,000 ரூபா எடுத்து, வாரம் 1,250 ரூபாவாக 52 வாரம் கட்டினால் மொத்தம் 65,000. 'வட்டி 30 வீதம்தானே' என்பார்கள். ஆனால் முதல் வாரத்திலிருந்தே முதலும் குறைந்துகொண்டு வருகிறது. முழு 50,000மும் ஒரு வருடம் உங்கள் கையில் இருப்பதில்லை. சரியாகக் கணக்கிட்டால் வருட வட்டி 50 வீதத்தைத் தாண்டும். வாரம் 1,250 ரூபா இலாபம் தராத தொழிலுக்கு அந்தக் கடன் பொருந்தாது.

இந்தச் சுமை வடக்கு, கிழக்குப் பெண்களுக்குப் புதிதல்ல. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது.

முதலில் பிரதேச அபிவிருத்தி வங்கியில் கேட்டுப் பாருங்கள். பழைய சப்ரகமுவ அபிவிருத்தி வங்கி உட்பட ஆறு வங்கிகள் 2010இல் இணைந்து உருவானது அது. பதிவுச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், ஆறு மாதக் கணக்குக் கொப்பி மூன்றும் இருந்தால் பேசுவது சுலபம். பிணையாளர் பற்றியும் முதலே கேளுங்கள்.

கடன் கொப்பி

தோட்டத்தில் வியாபாரம் சம்பள நாளைச் சுற்றியே நடக்கிறது. கடனே கொடுக்காமல் விற்பது கஷ்டம். எல்லையில்லாமல் கொடுத்தால் கடை மூடப்படும். பத்து வீடுகள் ஆளுக்கு 2,000 ரூபா நிலுவை வைத்தால், 20,000 ரூபா முடங்கி, அடுத்த சரக்குக்கு நீங்களே கடன்படுவீர்கள். வீட்டுக்கு இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு வையுங்கள். பழைய பாக்கி தீர்ந்த பிறகே புதிய கடன். வீட்டுச் செலவுக் கொப்பியும் தொழில் கொப்பியும் வேறாக இருக்கட்டும். விலை போடும்போது பஸ் காசு, விறகு, உங்கள் உழைப்பு நேரம் மூன்றையும் சேருங்கள்.

வளர்வதற்குத் தோட்டத்துக்கு வெளியே வாடிக்கையாளர் வேண்டும். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, பலாங்கொடை, இறக்குவானை போன்ற நகரங்களில் ஒரே ஒரு கடைக்குத் தவறாமல் சரக்குக் கொடுத்துப் பழகுங்கள். லேபலில் சிங்களமும் இருக்கட்டும். எடை, விலை, தயாரித்த திகதி, காலாவதித் திகதி தெளிவாக இருக்கட்டும்.

காகிதங்களைக் காப்பாற்றுங்கள்

பதிவு, கடிதம், ரசீது எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து, நம்பிக்கையான ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். 2016 மே மாதத்தில் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் மண்சரிவு வந்தது. 2017 மே மாதத்தில் இரத்தினபுரியில் வெள்ளம். 1977, 1981 வன்செயல்களில் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களும், பின்னர் 2009இல் அங்கிருந்தும் வெறுங்கையோடு வந்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். காகிதம் இல்லாமல் மறுபடி தொடங்குவது எவ்வளவு கடினம் என்று அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.