கொடைக்கானல் ஏற குதிரைசக்தி மட்டும் போதுமா?

போன மாசம் ஃப்ரெண்ட் ஒருத்தன் போன் பண்ணினான். பழைய பெட்ரோல் வேன் வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணித் தொட்டி எல்லாம் வெச்சு கேரவனா மாத்தப் போறானாம். முதல் ட்ரிப் கொடைக்கானல். “80 குதிரைசக்தி இருக்குடா, போதும்ல?”ன்னு கேட்டான். பதிலை அந்த மலைப்பாதையோட வரலாற்றிலிருந்தே தொடங்கலாம்.

1845-ல் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் குடியேறியபோது மேலே போக வண்டிப்பாதையே கிடையாது. பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்பிலிருந்து நடக்கணும், குதிரையில் ஏறணும், இல்லைன்னா டோலி. அதாவது, மனுஷனை மனுஷன் தோளில் சுமந்து மலையேறுவது. அந்த மலையின் முதல் ‘எஞ்சின்’ அவங்கதான்.

வத்தலக்குண்டு வழியான பாதைக்கு மேஜர் லா 1870-களில் அளவெடுத்தார். அதனால்தான் அதுக்கு ‘லாஸ் காட்’னு பேர். அப்போ உலகத்தில் பெட்ரோல் காரே இல்லை. கார்ல் பென்ஸ் காப்புரிமைக்கு விண்ணப்பித்ததே 1886-ல். வேலை இழுத்துக்கொண்டே போய், 1910-களில் பாதை திறந்தபோது மோட்டார் யுகம் வந்துவிட்டது.

அந்தக் காலத்து எஞ்சின் எப்படி? ஃபோர்டு மாடல் டி-யை எடுத்துக்கலாம். 2.9 லிட்டர், வெறும் 20 குதிரைசக்தி. 1917-ல் ஃபோர்டு ஒரு டன் லாரி சேஸிஸ் கொண்டுவந்தது, மாடல் டிடி. எஞ்சின் அதேதான்! மாற்றியது பின் அச்சை. காரில் எஞ்சின் 3.64 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. லாரியில் 7.25 வரை. இழுவை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, வேகம் பாதி. குதிரைசக்தி கூடவே இல்லை. பாரத்துக்கு ஏற்ற மாதிரி கியர் மாறியது, அவ்வளவுதான்.

அடுத்தது காற்று. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் வலுவும் அதே அளவு குறையும். கார்புரேட்டர் வண்டியில் இன்னொரு தொல்லை: காற்று குறையும், பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாது. கறும்புகை வரும், பிளக்கில் கரி பிடிக்கும். மாடல் டி-யில் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு திருகைத் திருப்பி பெட்ரோலைக் குறைக்கலாம். அப்போ ட்யூனிங் டிரைவர் கையிலேயே இருந்தது. இன்னைக்கு அந்த வேலையை சென்சாரும் கம்ப்யூட்டரும் பார்த்துக்கும். ஆனா இல்லாத காற்றை எந்தக் கம்ப்யூட்டராலும் கொண்டுவர முடியாது.

இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தப்போ மதுரை டிவிஎஸ் கரிவாயு பிளான்ட் தயாரித்தது. அந்தக் கரி பஸ்களில் எஞ்சின் வலு இன்னும் குறைவு. மேடு வந்தா இறங்கித் தள்ளின கதையை நம்ம தாத்தா பாட்டிகிட்ட கேளுங்க.

சரி, ஃப்ரெண்டுக்கு என்ன சொன்னேன்? “மேலே போய்ச் சேரும்போது உன் 80, ஏறக்குறைய 64-தான். 100 லிட்டர் தண்ணின்னா 100 கிலோ. கீழே நிரப்பாதே, மேலே போய் நிரப்பு. நீ லாரி பாரத்தைக் கார் கியரில் ஏத்தப் பார்க்குற.”

அதைவிட முக்கியம் இறக்கம். அதே பாரம் உன்னைக் கீழே தள்ளும். பிரேக்கையே மிதிச்சுட்டு வந்தா சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறின கியரிலேயே இறங்கு. மலைப்பாதை டிரைவர்கள் எல்லாரும் சொல்ற பாடம் இது.

அவன் கட்டிலைப் பாதியா சுருக்கிட்டான். அடுத்த எபிசோடுல சந்திப்போம்!